வாளிக்குள் கடல்

பிப்ரவரி 9

தம்பி,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலம் என்று அம்மா போனில் சொல்லிவிடுகிறாள். நான் நலம் என்று உன்னிடமும் சொல்லியிருப்பாள். நம் இரண்டு பேருக்கும் நடுவில் அவள் தபால் பெட்டியாகிப் பல மாதம் ஆகிறது.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். "உன் பிள்ளைங்களை வளர்க்க அம்மா வேணும், வளர்ந்ததும் பார்சல் கட்டி அனுப்பிட்டே" என்று நீ கடைசியாகப் போனில் கத்தினாய். உன் குரலைக் கேட்டால் அதுதான் திரும்பக் கேட்கும், நானும் கத்துவேன். காகிதத்தில் கத்த முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் விளக்குப் படத்தைப் பழுது நீக்கிப் புதுப்பித்திருக்கிறார்களாம். கலங்கரை விளக்கக் காவல்காரனின் மகள், புயலில் அப்பா விழுந்து கிடக்க, தானே மேலேறி விளக்கேற்றுவாளே, அதேதான். அடுத்த மாதம் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சில தியேட்டர்களில் மட்டும் போடுகிறார்களாம். செய்தியில் உன் தியேட்டர் பெயரும் இருந்தது.

அந்தப் படம் வந்தபோது அம்மா சின்னப் பெண். வீட்டில் பெண் பிள்ளைகளைச் சினிமாவுக்கு விடமாட்டார்கள். அதன் பிறகு டிவியில் எத்தனை முறை போட்டார்களோ, அத்தனை முறையும் அவள் அடுப்படியில் நின்றபடி காதால்தான் பார்த்தாள். கடல் வரும் காட்சிக்கு மட்டும் கரண்டியோடு ஓடிவருவாள். "இந்தக் கடலைப் பாரு, வாளித் தண்ணி மாதிரி இருக்கு. பெருசா பார்த்தா எப்படி இருக்கும்!" என்பாள். கரண்டியிலிருந்து சொட்டுவதை நீ பாயால் மூடுவாய்.

எந்தப் படத்தைத் தியேட்டரில் பார்க்க ஆசை என்று நாம் விளையாடுவோமே. நீ வாராவாரம் படத்தை மாற்றுவாய், நான் உன்னைக் கிண்டல் செய்வேன். அம்மாவைக் கேட்டால் எப்போதும் இந்த ஒன்றுதான்.

கூட்டிப் போ. என்மேல் இருக்கும் கோபத்தை இதில் காட்டாதே.

அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் தியேட்டர் விலாசத்துக்கு வந்ததால் டிக்கெட் கவுண்டரில் உள்ள பெண்கள் பயந்துபோனார்கள். இந்தக் காலத்தில் தபாலில் வந்தால் ஒன்று வக்கீல் நோட்டீஸ், இல்லாவிட்டால் அக்கா. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

நீ சொல்லித்தான் அம்மாவை நான் கூட்டிப் போகவேண்டுமா என்று முதலில் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தால், ஆமாம், நீ சொல்லித்தான். அந்தப் படத்தின் போஸ்டரை ஒட்டச் சொல்லி ஆளை அனுப்பியதே நான். அம்மாவின் ஞாபகம் வரவில்லை. ஒட்டியது நேராக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

தியேட்டர் மேனேஜர் என்றால் உட்கார்ந்து படம் பார்க்கிற வேலை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு முழுப் படத்தை உட்கார்ந்து பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா? ஏசி ஓடுகிறதா, கதவு சத்தம் போடுகிறதா, யாராவது இருக்கையில் காலைத் தூக்கிப் போட்டிருக்கிறார்களா என்று டார்ச்சோடு உள்ளே போவேன், வருவேன். எல்லாப் படத்துக்கும் முடிவு தெரியும். யார் ஏன் அழுகிறார்கள் என்பது தெரியாது.

நடு வரிசையில், திரைக்கு நேராக இரண்டு இருக்கை எடுத்து வைத்துவிட்டேன். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. அன்றைக்கு டார்ச்சைத் தொடமாட்டேன். அம்மாவிடம் சொன்னதும், "எனக்கு எதுக்குடா, நாலு பேர் காசு குடுத்துப் பார்க்கிற எடம்" என்றாள். மறுநாள் காலையில் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

பார்சல் என்று சொன்னது தப்பு. எழுதிவிட்டேன், சரியா?

தம்பி


மார்ச் 2

தம்பி,

சரியில்லை. ஆனாலும் எடுத்துவைத்துக்கொள்கிறேன்.

சில விஷயங்கள். கழிவறைக்குப் போகவேண்டும் என்று அவள் வாயைத் திறந்து கேட்கமாட்டாள். இடைவேளையில் நீயே கூட்டிப்போய் வாசலில் நில். உன் தியேட்டர் ஏசி பிணவறை மாதிரி இருக்கும், சால்வை கொடு. படிக்கட்டில் இருட்டில் நடக்க விடாதே, இப்போதெல்லாம் தடுமாறுகிறாள். முதலாளி கூப்பிட்டார், பாப்கார்ன் மெஷின் கூப்பிட்டது என்று நடுவில் எழுந்து ஓடாதே. கடல் வரும்போது அவள் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்து எனக்கு எழுது. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவேண்டும் என்று ஆசை. லீவு கிடைக்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிற இரண்டு பேரில் ஒருத்தி பிரசவத்துக்குப் போய்விட்டாள்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா படம் பார்த்துவிட்டாள்!

நீ பார்த்திருக்கவேண்டும். அரங்கம் நிரம்பி வழிந்தது. கைத்தடியோடு வந்தவர்கள், மகன் மருமகள் தாங்கி அழைத்துவந்தவர்கள் என்று லிஃப்ட் வாசலில் பெரிய வரிசை. நடு இருக்கையில் அம்மா, நீலப் புடவை, சால்வை. கடல் வந்ததும் திரை முழுக்கத் தண்ணீர்தான். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "வாளி எங்கடா போச்சு?" என்று காதில் கேட்டாள். அந்தப் பெண் மேலே ஏறி விளக்கேற்றியபோது எல்லாரும் கைதட்டினார்கள், அம்மாவும் தட்டினாள். இடைவேளையில் நீ சொன்னபடி செய்தேன். நடுவில் எழுந்திருக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்தும் அதே பேச்சுதான். நீ நிம்மதியாக இரு. இந்த மாதம் வேலை அதிகம், அடுத்த கடிதம் தாமதமாகலாம்.

தம்பி


மார்ச் 28

தம்பி,

உன் கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டினேன். வாளி எங்கே போச்சு என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். சந்தோஷத்தில் உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். நாங்கள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், படி.

"கடல் எப்படிம்மா இருந்துச்சு?"

"என்ன சத்தம்டி! செவுரே கிடுகிடுன்னு அதிருது. கை வெச்சா கையில தெரியுது."

"சத்தம் இருக்கட்டும். பார்க்க எப்படி இருந்துச்சு?"

"பார்க்கவா? பெருசா இருந்துச்சு."

"எங்க உட்கார்ந்திருந்தே?"

"நல்ல எடம்தான். ஃபேனுக்கு நேர் கீழே. காத்து நல்லா வந்துச்சு. அந்த கவுண்டர் பொண்ணுங்க தங்கமான பொண்ணுங்க, படம் ஓடும்போதே டீ கொண்டாந்து குடுத்தாங்க."

பிறகு முழுக் கதையும் சொன்னாள். எந்த வசனத்துக்கு ஜனங்கள் சிரித்தார்கள், எந்த இடத்தில் ஒரு குழந்தை அழுதது, புயல் ஓய்ந்ததும் எப்படி ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் போனது என்று ஒன்று விடவில்லை. எல்லாம் காதால் கேட்டது. கண்ணால் பார்த்ததாக ஒன்றுகூட இல்லை.

ஏசி அரங்கில் ஃபேன் ஏது தம்பி? நடு வரிசையில் உட்கார்ந்தவளுக்குக் கை வைக்கச் சுவர் எங்கிருந்து வந்தது?

அவளைக் குறுக்கு விசாரணை பண்ண எனக்கு மனசு வரவில்லை. நீ பார்த்ததாக எழுதியதை நான் சொல்லச் சொல்ல, "ஆமா ஆமா" என்று ஒட்டிக்கொண்டே வந்தாள். கையைப் பிடித்தாயாமே என்றதற்கு மட்டும் அந்த "ஆமா" உடனே வரவில்லை. பிறகு, "ம்... பிடிச்சேன்" என்றாள்.

என்ன நடந்தது?

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

பார்க்கவில்லை. வேலையிடத்தில் ஒரு நெருக்கடி வந்துவிட்டது. அதற்குமேல் விளக்கம் எழுத நான் உன்னுடைய ஆபீஸில் சம்பளம் வாங்கவில்லை.

நீ கேள்வி கேட்டாய், நானும் ஒன்று கேட்கிறேன். போன வாரம் அம்மா டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். மேஜை முழுக்க டீ. அவளோ நிதானமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். இரண்டு கண்ணிலும் நடுப் பார்வை போய்க்கொண்டிருக்கிறதாம். யாரையாவது நேராகப் பார்த்தால் முகம் இருக்கிற இடத்தில் ஒரு புகைமூட்டம்தான் தெரியுமாம், ஓரம் மட்டும் மிஞ்சுமாம். கொஞ்ச நாளாகவே இருந்து, இப்போது வேகம் பிடித்துவிட்டது என்றார். ஊசி போட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கிறோம், போனது போனதுதான் என்றார்.

"நேரா இருக்கிற கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதுன்னு எப்பவாவது தோணுச்சாம்மா?" என்று அவர் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பொண்ணு வீட்டுல இருக்கும்போதே கதவு நிலை கோணலா தெரிஞ்சுது. கண்ணாடி மாத்தினா சரியாயிடும்னா. மாத்திக் குடுத்தா. பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை."

அப்போதே கொண்டுவந்திருந்தால், என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. நீ ஆஸ்பத்திரியில்தானே வேலை பார்க்கிறாய், அக்கா?


ஜூன் 1

தம்பி,

உன் கடிதத்தை உடை மாற்றும் அறையில் நின்றுகொண்டு படித்தேன். அப்புறம் பரிசோதனைக் கூடத்துக்குப் போய் வேலை செய்தேன். ஒரு குப்பியில் ஒட்டவேண்டிய சீட்டை வேறு குப்பியில் ஒட்டிவிட்டேன், பக்கத்தில் இருந்தவள் கவனித்ததால் தப்பியது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. உடனே பதில் எழுத முடியவில்லை. ஐந்தாறு தடவை ஆரம்பித்தேன். எல்லாமே "எனக்கு எப்படித் தெரியும்" என்று ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதுதான் உண்மை.

அது ஒரு காலைநேரம். நான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அம்மா வீட்டுக் கூடத்து வாசலில் நின்று, ஒரு கண்ணை மூடியும் திறந்தும் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கதவு நிலை வளைஞ்சு போச்சு பாரு. மழையில ஊறிடுச்சா?" என்றாள். நான் சிரித்தேன். இவரைக் கூப்பிட்டு, "அம்மா கார்ப்பெண்டரைக் கூப்பிடச் சொல்றாங்க" என்றேன். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் "வளைஞ்சு போச்சு, வளைஞ்சு போச்சு" என்று அவளையே சீண்டினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு கதவைப் பற்றி அவள் பேசவேயில்லை. நாங்கள் சிரித்ததால்தான் பேசவில்லை.

கண்ணாடிக் கடையில் நான் அவளோடு உள்ளே போகக்கூட இல்லை. வண்டியை நிறுத்த இடமில்லை என்று வெளியே உட்கார்ந்திருந்தேன்.

அவள் தடுமாறுகிறாள் என்று உனக்கே எழுதினேன், பார். தெரிந்துதான் எழுதியிருக்கிறேன். ஏன் தடுமாறுகிறாள் என்று கேட்கமட்டும் மறந்துவிட்டேன். முகம் தெரியாத ஆட்கள் ரத்தத்தில் ஒரு எண் ஏறினால் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிட்டு டாக்டரைப் போனில் துரத்துகிறவள் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்குத் தனி அறை வேண்டியிருந்தது, அதனால்தான் அம்மாவை உன்னிடம் அனுப்பினேன். "தம்பி தனியா கஷ்டப்படறான்மா" என்று அவளிடம் சொன்னேன். பார்சல் என்று நீ சொன்ன வார்த்தைக்கு நான் அவ்வளவு கோபப்பட்டது அது சரியாக இருந்ததால்.

இது என் பங்கு. உன் பங்கை நீ எழுது. நெருக்கடி என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதே.

அக்கா


ஜூன் 14

அக்கா,

என் போன கடிதத்தின் கடைசி வரியை எழுதி அனுப்பியதற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். உன்னைக் குத்தினால் எனக்கு வலி குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நடந்தது இது.

அன்று அம்மாவைக் கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். இருக்கையின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தாள். திரையில் ஒன்றும் இல்லை, ஓர விளக்குகள் மட்டும் எரிந்தன. "வெறும் துணியே இவ்வளவு பெருசா இருக்கேடா" என்றாள். சால்வையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் உட்காருகிற மாதிரி நேராக உட்கார்ந்தாள். நான் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தேன்.

வராந்தாவில் முதலாளி போனில் கூப்பிட்டார். அவர் மனைவி தோழியோடு வந்துகொண்டிருக்கிறார், நடு வரிசையில் இரண்டு இடம் வேண்டும். அரங்கம் நிரம்பிவிட்டது சார் என்றேன். "நிரம்பினா என்ன, நீ எதுக்கு அங்க இருக்கே?" என்றார். இந்த வருஷம் புதிதாகக் கட்டுகிற தியேட்டருக்கு என்னைப் பொறுப்பாகப் போடப்போவதாக ஒரு பேச்சு இருந்தது, உனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

அவர்கள் வந்தார்கள். ஓரத்தில் யாரையாவது கெஞ்சி மாற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டே முன்னால் நடந்தேன். ஆனால் அந்த அம்மாள் நேராக நடு வரிசைக்கு வந்து நின்றார். அம்மாவையும் பக்கத்தில் காலியாக இருந்த என் இருக்கையையும் பார்த்தார்.

"இங்க ஒண்ணு காலியா இருக்கே. இவங்க யாரு?"

ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. என் அம்மா என்று சொல்லியிருந்தால், "அப்படியா, உட்காரட்டும்" என்றுகூடச் சொல்லியிருப்பார். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அக்கா. என் வாய் தானாகச் சொன்னது: "தெரிஞ்சவங்கதான் மேடம். மாறி உட்கார்ந்துட்டாங்க போல. மாத்திடலாம்."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு தடவை கண் சிமிட்டுகிற நேரம்தான். பிறகு சால்வையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"பரவால்லைங்க சார். எனக்கு எங்க உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். நீங்க சிரமப்படாதீங்க."

என்னைச் சொன்னாள். என்னை. சார் என்று.

அந்த அம்மாள், "தேங்க்ஸ்மா" என்றார். அம்மா அவருக்கு வழி விட்டு, கால்களை ஒடுக்கிக்கொண்டு, வரிசையில் இருந்த ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தாள். நான் டார்ச் அடித்து அழைத்துப்போனேன், பார்வையாளர்களை அழைத்துப்போகிற மாதிரி. படிக்கட்டில் கையைப் பிடிக்கவில்லை. யாராவது பார்த்துவிட்டால் என்று இருந்தது.

என் அறை அரங்கத்தின் இடதுபக்கச் சுவரை ஒட்டி இருக்கிறது. காகிதக் கோப்பைப் பெட்டிகள், கிழிந்த இருக்கை மெத்தைகள், ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். "யாராவது எழுந்து போனா உடனே கூட்டிட்டுப் போறேம்மா" என்றேன். "சரிப்பா, நீ போய் வேலையைப் பாரு" என்றாள். யாரும் எழுந்து போகவில்லை. அப்படிப்பட்ட படத்துக்கு எழுந்து போவார்களா?

பின்பக்கக் கதவோரம் நிற்க வைத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். வைத்திருக்கலாம். ஒரு நாற்காலிகூடப் போட்டிருக்கலாம். ஆனால் முதலாளியம்மா திரும்பிப் பார்த்தால்? தெரிஞ்சவங்க என்று சொன்ன ஆளை நான் கைப்பிடித்துக் கூட்டிவருவதைப் பார்த்தால்? ஒரு பொய் சொன்ன பிறகு அதற்குக் காவல் நிற்கிற வேலையும் வந்துவிடுகிறது.

படம் முடிகிற நேரத்தில் அறைக் கதவைத் திறந்தேன். அம்மா நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டிருந்தாள். கண்ணை மூடி, காதைச் சுவரில் வைத்திருந்தாள். உள்ளங்கையும் சுவரில் இருந்தது. அந்தப் பெண் மாடிப்படி ஏறுகிற காட்சி. அவள் பேசுகிற வசனத்தை அம்மாவின் உதடு சத்தமில்லாமல் கூடவே பேசியது. நான் நின்றதை அவள் கவனிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். நம் வீட்டில் அடுப்படியில் நின்று கேட்டதும் அப்படித்தான். அப்போதாவது ஓடிவந்து பார்க்க ஒரு டிவி இருந்தது.

பஸ்ஸில் வரும்போது, "நல்ல கூட்டம் இல்ல?" என்றாள்.

மார்ச்சில் அவளுக்கு இன்னும் பார்வை இருந்தது, அக்கா. திரை பெரிதாக இருக்கிறது என்றாளே. அன்று கடலைப் பார்த்திருப்பாள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டுதான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். அவள் என் கையைப் பிடித்ததாக எழுதும்போது பிடித்த மாதிரியே இருந்தது.

புதுத் தியேட்டர் பொறுப்பு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. கிடைத்திருந்தால் இன்னும் கேவலமாக இருந்திருக்கும்.

தம்பி


ஜூன் 29

தம்பி,

படித்தேன். உன்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதினேன். நாக்கு, வாய், புத்தி என்று ஒன்றையும் விடவில்லை. கதவு நிலை ஞாபகம் வந்தது, கிழித்துவிட்டேன்.

அந்தப் படம் மறுபடி வருமா என்று விசாரித்தேன். உரிமை ஏதோ தகராறில் இருக்கிறதாம், இப்போதைக்கு வராதாம். வந்தாலும் உன் தியேட்டரில் அவளைக் கால் வைக்கச் சொல்லாதே.

அவளை வேறு தியேட்டருக்குக் கூட்டிப் போ. என்ன படமாக இருந்தாலும் பரவாயில்லை. கூட்டம் இருக்கிற காட்சிக்கு. நீயும் எல்லாரையும் போல வரிசையில் நின்று டிக்கெட் எடு. அவள் பக்கத்தில் முழுப் படமும் உட்கார். அதனால் எதுவும் சரியாகிவிடாது, தெரியும். ஊசியாலும்தான் எதுவும் திரும்பிவரவில்லை, ஆனாலும் போட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்.

என்னிடம் ஏன் பொய் சொன்னாள் என்று அவளைக் கேட்டுச் சொல். எனக்குக் கேட்க முகமில்லை.

பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் நான் வருகிறேன். என்னைக் கூட்டிப்போக ஸ்டேஷனுக்கு வா. பேசலாம்.

அக்கா


ஜூலை 13

அன்புள்ள அக்காவுக்கு,

போனோம்.

நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பழைய தியேட்டருக்கு. எங்களுக்குப் போட்டியாளர்கள், நான் ஒருநாளும் போனதில்லை. வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவன் ஏதோ வாக்குவாதம் பண்ண, கவுண்டரில் இருந்தவர் எரிந்து விழுந்தார். எங்கள் ஆட்கள் அப்படிப் பேசினால் நான் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். பழக்கம் போகாது.

புதுப் படம்தான். ஒரு திருடனும் அவனைத் துரத்துகிற ஒரு பெண் அதிகாரியும். ஒரே சத்தம், விசில். அம்மாவுக்கு அது பிடித்தது. "சனங்க இருந்தாத்தான்டா சினிமா" என்றாள்.

ஆரம்பத்தில் நான்தான் காதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சுவர் ஏறுறாம்மா, அவ கார்ல வர்றாம்மா என்று. எனக்கு அதுவும் சரியாக வரவில்லை. எல்லாப் படத்தையும் அரைகுறையாகப் பார்த்துப் பழகியவன், எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் முதலில் "உஸ்" என்றாள். பிறகு விஷயம் புரிந்ததும் எட்டிக் குனிந்து அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அருமையாகச் சொன்னாள். "சிரிக்கிறான்மா, ஆனா கண்ணுல சிரிப்பு இல்ல" என்றாள். எனக்கு அது தெரியவே இல்லை.

இடைவேளையில் அம்மாவுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "கூட வந்திருக்கிறது யாரும்மா?"

நான் வரிசையின் முனையில் கோப்பையோடு நின்றுவிட்டேன். அம்மாவுக்கு நான் வந்தது தெரியாது.

"எம் பிள்ளை" என்றாள். "பெரிய தியேட்டர்ல மேனேஜரா இருக்கான். ஊருக்கெல்லாம் படம் காட்டுறான். அவனுக்குத்தான் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை, பாவம்."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் போய் உட்கார்ந்தேன். டீ ஆறிப்போயிருந்தது. அவள் குறை சொல்லாமல் குடித்தாள். அந்தச் சந்தடியில் கேட்டேன்.

"அன்னிக்கு என்னை ஏம்மா சார்னு கூப்பிட்டே?"

"பின்ன, அந்த அம்மா முன்னாடி டேய்னா கூப்பிடுவாங்க? உன் வேலை என்ன ஆகறது?"

"கோவம் வரலையா?"

"வந்துச்சு" என்றாள். "நீ முழிச்ச முழியைப் பார்த்ததும் போயிடுச்சு."

"அக்காகிட்ட ஏன் பார்த்தேன்னு சொன்னே?"

"நான் பார்த்தேன்னு நீ எழுதிட்டே. நான் இல்லேன்னு சொன்னா அவ உனக்கு எழுதறதையும் நிறுத்திடுவா. எனக்கு இருக்கிறதே ரெண்டு பேரு." பிறகு, "அவகிட்டயும் சொல்லு, கதவு நிலையைப் பத்தி நான் டாக்டர்கிட்ட வாய்தவறிச் சொல்லிட்டேன்னு. அவ மனசுல வெச்சுக்கப் போறா" என்றாள்.

சொல்லிவிட்டேன்.

இரண்டாம் பாதியைப் பற்றி உனக்கு எழுதவேண்டும். அம்மாவுக்கு நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஓரக்கண்ணில்தான் தெரியும். டாக்டர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதனால் திரையைப் பார்க்க அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளவேண்டும். நான் அவளுக்கு வலதுபக்கம் உட்கார்ந்திருந்தேன். அவள் வலதுபக்கம்தான் திரும்பினாள். பின்னால் அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள், அம்மா சிரித்தாள், பயந்தாள், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் என் முகத்துக்கு நேரே. திரையின் வெளிச்சம் அவள் கன்னத்தில் மாறி மாறி விழுந்தது.

அவள் பார்த்தது படத்தைத்தான், என்னை இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆனாலும், அக்கா, விளக்குப் போடுகிறவரைக்கும் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஓரக்கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு, நேராக உட்கார்ந்திருந்தேன்.

தம்பி